ஒரு பீக் மட்டும் போதாது: காமா கதிர் அளவீட்டில் நான் கற்றவை

காமா ஸ்பெக்ட்ரத்தில், அதாவது எந்த ஆற்றலில் எத்தனை காமா கதிர்கள் வந்தன என்று காட்டும் வரைபடத்தில், ஒரு பீக் (கூர்மையான முகடு) பளிச்சென்று நின்றால், இது இன்ன அணுக்கருவிலிருந்து வந்தது என்று உடனே சொல்லிவிட வாய் துடிக்கும். அட்டவணையைப் புரட்டினால் அதே ஆற்றலுக்கு அக்கம்பக்கத்தில் பத்து அணுக்கருக்கள் வரிசையில் நிற்கும். எது நம்முடையது? இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்வதுதான் எங்கள் வேலையின் முக்கால் பங்கு. டெல்லி ஐயுஏசி (பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையம்), மும்பை டிஐஎஃப்ஆர் (டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம்) ஆகிய இடங்களின் பெல்லட்ரான் முடுக்கிகளில் பீம் நேரம் (துகள் கற்றையைப் பயன்படுத்த ஒதுக்கும் நேரம்) கிடைத்து வேலை பார்த்தவன் நான். எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு இந்தத் துறைக்கு வர நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் விஷயங்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஓர் அடிப்படை. கல்லூரி ஆய்வகத்தில் 'கோபால்ட்-60' என்று எழுதிய சிறிய கதிரியக்க வில்லை இருக்கும். அதிலிருந்து வரும் இரண்டு காமாக்கள், 1173.2-ம் 1332.5-ம் (எல்லாம் கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டில், இனிமேல் கேஈவி), கோபால்ட்டின் காமாக்கள் அல்ல. கோபால்ட் ஒரு பீட்டா துகளை வெளியேற்றி நிக்கல்-60 ஆகிறது. அந்த நிக்கல் பிறக்கும்போதே 2505.7 கேஈவி உயரத்தில் கிளர்ந்த நிலையில், அதாவது அவ்வளவு கூடுதல் ஆற்றலோடு, பிறக்கிறது. அங்கிருந்து ஒரு படி இறங்கும்போது 1173, அடுத்த படியில் 1332. நடுப்படியில் அது நிற்பது ஏறத்தாழ ஒரு பிகோ வினாடி (வினாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு). எந்த டிடெக்டருக்கும் இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததாகவே தெரியும். இந்த 'ஒரே நேரம்' என்பதுதான் எங்கள் கையில் இருக்கும் மிகப் பெரிய ஆயுதம்.

எல்லா நிலையும் இப்படி அவசரப்படுவதில்லை. சீசியம்-137 வில்லையின் 661.7 கேஈவி காமா பேரியம்-137-ன் கிளர்நிலையிலிருந்து வருகிறது. அதன் அரை ஆயுள் இரண்டரை நிமிடத்துக்குச் சற்று மேல். மருத்துவமனை ஸ்கேனில் பயன்படும் டெக்னீஷியம்-99எம் ஆறு மணி நேரம் தாக்குப்பிடிக்கும். அதனால்தான் அதை ஊசியில் ஏற்றி 140.5 கேஈவி காமாவைப் படமெடுக்க முடிகிறது.

முடுக்கியில் நாங்கள் செய்வது வேறு. கனமான அயனிகளை மெல்லிய தகட்டின் மேல் மோதவிட்டு இரண்டு அணுக்கருக்களையும் ஒன்றாக இணைக்கிறோம். இணைந்தது சூட்டில் சில நியூட்ரான், புரோட்டான், ஆல்ஃபாக்களைக் கழற்றிவிட்டு வெறித்தனமாகச் சுழன்றுகொண்டிருக்கும். அந்தச் சுழற்சியை பத்து, பதினைந்து காமாக்களாக வரிசையாக உதிர்த்துத்தான் தரைநிலைக்கு (மிகக் குறைந்த ஆற்றல் நிலைக்கு) வரும். ஒரே மோதலில் ஒரு அணுக்கரு மட்டும் உருவாவதும் இல்லை. எத்தனை நியூட்ரான் கழன்றது என்பதைப் பொறுத்து ஐந்தாறு விதம் உருவாகும். அத்தனையின் காமாக்களும் ஒன்றின் மேல் ஒன்றாக ஒரே ஸ்பெக்ட்ரத்தில் விழும்.

இதைப் பிரிக்க ஜெர்மானியம் டிடெக்டர்தான் வேண்டும். சோடியம் அயோடைடு டிடெக்டர் 662 கேஈவியில் சுமார் 7 சதவீதம், அதாவது 46 கேஈவி அகலத்துக்குப் பீக்கைப் பரப்பிவிடும். நல்ல ஜெர்மானியம் 1332-ல் 2 கேஈவிதான் எடுக்கும். ஜெர்மானியத்தில் ஒரு மின்துகள் இணையை உருவாக்க ஏறத்தாழ 3 எலெக்ட்ரான் வோல்ட் போதும். அப்படியென்றால் 1332 கேஈவி முழுதாக உள்ளே நின்றுவிட்டால் 4.5 லட்சம் இணைகள். எண்ணிக்கை கூடக் கூட ஏற்ற இறக்கம் குறையும், பீக் ஒடுங்கும். ஆனால் இந்த வசதிக்கு விலை உண்டு. அறை வெப்பத்திலேயே தானாக மின்துகள்கள் கிளம்பிவிடும் என்பதால் அளக்கும்போதெல்லாம் படிகத்தைத் திரவ நைட்ரஜனால் குளிர்வித்து, மைனஸ் 196 டிகிரிக்குப் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும்.

அந்த நைட்ரஜன் வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் புதிதாக வருபவர்கள் இதைக் கடைநிலை வேலையாக நினைக்கிறார்கள். நிரப்பத் தொடங்கியதும் குழாய் முழுக்க வெண்பனி பூக்கும். டியூவாரின் (நைட்ரஜன் குடுவையின்) வெளிவாயிலிருந்து முதலில் சூடான காற்று, பிறகு குளிர்ந்த புகை, கடைசியில் துப்பித் துப்பித் திரவத் துளிகள். துளி வந்தால்தான் நிரம்பியது என்று பொருள். புகையைப் பார்த்து மூடக் கூடாது. தானியங்கி நிரப்பி இருந்தாலும் ஷிஃப்டில் இருப்பவர் ஒவ்வொரு டிடெக்டரின் வெப்ப அளவையும் நோட்டில் எழுத வேண்டும். ஒரு லிட்டர் திரவம் ஏறத்தாழ 700 லிட்டர் வாயுவாக விரியும். மூடிய அறையில் ஆக்ஸிஜன் குறைவது மூக்குக்குத் தெரியாது. ஆக்ஸிஜன் மீட்டர் இல்லாமல், தனியாக, அந்த அறைக்குள் போகாதீர்கள். இதில் சமரசமே கிடையாது.

குளிர்ந்த பிறகும் அவசரம் கூடாது. முதல் முறை குளிர்விக்கும்போது ஓர் இரவு முழுக்க விட்டுவிடுவது எங்கள் வழக்கம். பிறகு ஹை வோல்டேஜை நூறு நூறாக ஏற்றுவோம். 3000, 4000 வோல்ட் வரை போக வேண்டிய டிடெக்டருக்கு இது பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். ஏற்றும்போது கண் ஆசிலோஸ்கோப்பில் இருக்க வேண்டும். ப்ரீஆம்ப் (டிடெக்டரை ஒட்டிய முதல் பெருக்கி) சிக்னலின் அடிக்கோடு ஒவ்வொரு படிக்கும் ஒரு துள்ளு துள்ளிவிட்டு அமைதியாகும். அமைதியாகாமல் நடுங்கிக்கொண்டே இருந்தால், அல்லது பல்வரிசை போல வேகமாக ஏறி விழுந்தால், உள்ளே கசிவு மின்னோட்டம் இருக்கிறது. அங்கேயே நிறுத்தி, மெதுவாக இறக்கிவிட்டு, மூத்தவரைக் கூப்பிடுங்கள்.

இந்திய தேசிய காமா அணி, ஆய்வகங்களில் சொல்வதுபோல் 'இங்கா', க்ளோவர் டிடெக்டர்களால் ஆனது. ஒரே உறைக்குள் நான்கு ஜெர்மானியப் படிகங்கள். ஒரு படிகத்தில் மோதிச் சிதறிய காமா பக்கத்துப் படிகத்தில் போய் நின்றால் இரண்டு ஆற்றலையும் கூட்டிக்கொள்ளலாம். இதற்கு ஆட்பேக் என்று பெயர். வெளியே தப்பி ஓடியதை, சுற்றியிருக்கும் பிஜிஓ (பிஸ்மத் ஜெர்மனேட் படிகம்) கவசம் பிடித்து, அந்த நிகழ்வையே ஒதுக்கச் சொல்லும். இல்லாவிட்டால் ஒவ்வொரு பீக்குக்கும் இடப்புறம் நீண்ட மேடு சேர்ந்து பலவீனமான பீக்குகளையெல்லாம் மூழ்கடித்துவிடும். டிஐஎஃப்ஆரில் 24 க்ளோவர்களுக்கு இடமுண்டு: 90 டிகிரியில் ஆறு, மற்ற ஆறு கோணங்களில் மும்மூன்று. அத்தனையும் சேர்ந்தாலும் 1 எம்ஈவி (1000 கேஈவி) காமா ஒன்றை முழுதாகப் பிடிக்கும் வாய்ப்பு சுமார் 5 சதவீதம். இரண்டை ஒருசேரப் பிடிக்க 400-ல் ஒன்று. பீம் நேரத்தை நாள் கணக்கில் ஏன் கேட்கிறோம் என்பது இந்தக் கணக்கில் இருக்கிறது.

பீம் வந்ததும் நேரே டார்கெட்டில் (மோத வேண்டிய தகட்டில்) விடக் கூடாது. முதலில் குவார்ட்ஸ் துண்டை அந்த இடத்தில் வைத்து, கேமராவில் பார்த்தால் நீலமாக ஒரு புள்ளி மின்னும். அது நடுவில் சிறியதாக, நிலையாக நிற்கும்வரை ஆபரேட்டரோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அடுத்து வெற்றுச் சட்டம். தகடு இல்லாத சட்டத்தின் ஓட்டை வழியே பீம் போகும்போது டிடெக்டர்களின் எண்ணிக்கை கிட்டத்தட்ட பின்னணி அளவுக்கு விழ வேண்டும். விழவில்லையென்றால் பீமின் ஓரம் சட்டத்தைத் தொடுகிறது. அலுமினியச் சட்டத்தின் 844, 1014 கேஈவி கோடுகள் பிறகு உங்கள் ஸ்பெக்ட்ரத்தில் குடியேறிவிடும். இந்தச் சோதனைக்குக் கால் மணி நேரம் ஆகும். அதைச் செய்யாமல் தொடங்கினால், தரவு அலசலில் மாதக்கணக்கில் அந்தக் கோடுகளோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

குடியேறிகள் பட்டியல் ஒன்றைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். சுவரிலிருந்து பொட்டாசியம்-40-ன் 1460.8, தோரியம் வரிசைக் கடைசியில் தாலியம்-208-ன் 2614.5. பாசிட்ரானும் எலெக்ட்ரானும் சேர்ந்து அழியும்போது வரும் 511. இது மற்றப் பீக்குகளைவிட அகலமாகத் தெரியும், டிடெக்டரில் கோளாறு என்று பதறாதீர்கள். தகட்டுக்குப் பின்னால் தங்கம் வைத்திருந்தால் 547.5. ஈயக் கவசம் அருகில் இருந்தால் 75, 85-ஐ ஒட்டிய எக்ஸ்-கதிர்கள். நியூட்ரான் பட்டு ஜெர்மானியத்திலேயே உருவாகும் 596-ம் 691-ம் வலப்புறம் சரிந்த முக்கோணமாக இருக்கும். அந்த வடிவத்தைப் பார்த்தாலே அடையாளம் சொல்லிவிடலாம். நியூட்ரான் அதிகம் பட்ட படிகத்தில் எல்லாப் பீக்குகளும் இடப்பக்கம் வால் விடத் தொடங்கும். அப்போது வெற்றிடத்தில் 100 டிகிரிக்குப் பக்கம் சூடாக்கி ஆற்றித்தான் படிகத்தைத் தேற்ற வேண்டும்.

பீக் நிற்கும் இடத்தை ஆற்றலாக மாற்றும் அளவுத்திருத்தத்துக்கு யூரோப்பியம்-152, பேரியம்-133 வில்லைகளை டார்கெட் இருக்கும் அதே இடத்தில் வைத்து எடுக்க வேண்டும். பீமுக்கு முன்னாலும் எடுக்க வேண்டும், பின்னாலும் எடுக்க வேண்டும். பின்னால் எடுக்கும்போது எல்லோரும் களைத்திருப்பார்கள், ரயிலுக்கு நேரமாகும். ஆனாலும் எடுக்க வேண்டும்.

ஏன் என்பதற்கு ஓர் அனுபவம். ஓர் ஆய்வகத்தில் நள்ளிரவில் குளிர்சாதனம் நின்றுபோனது. அறை சூடேற ஏற எலெக்ட்ரானிக்ஸின் கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) நகர்ந்தது. 1400 பக்கத்துப் பீக்குகள் சில படிகங்களில் ஓரிரு கேஈவி தள்ளிப் போயின. எல்லாவற்றையும் அப்படியே கூட்டியிருந்தால் ஒரு பீக் இரட்டைப் பீக்காகத் தெரிந்திருக்கும். யாராவது அதை 'புதிய இரட்டை' என்று ஆய்வுத் தாளிலும் எழுதியிருப்பார்கள். எங்களைக் காப்பாற்றியது, தரவைச் சின்னச் சின்னக் கோப்புகளாக வெட்டி எழுதியதுதான். ஒவ்வொரு கோப்பிலும் 511-ஐயும், எங்கள் அணுக்கருவின் நன்கு தெரிந்த இரண்டு வலுவான பீக்குகளையும் பிடித்துக்கொண்டு, கோப்புக்குக் கோப்பு தனித்தனியாகச் சரிசெய்தோம். ஒரே பெரிய கோப்பாக எழுதினால் இந்த வழி அடைபட்டுவிடும். இன்றைய டிஜிட்டல் தரவுச் சேகரிப்பில் ஒவ்வொரு காமாவுக்கும் நேர முத்திரை இருக்கிறது, பிறகு வெட்டிக்கொள்ளலாம். அப்போதும் கோப்பைச் சிறிதாக வைப்பதே என் பழக்கம்.

இப்போது கோயின்சிடென்ஸ், அதாவது இரண்டு காமாக்கள் ஒருசேர வருவதைப் பிடிப்பது. இதைக் கற்றுக்கொள்ள முடுக்கி தேவையில்லை, யூரோப்பியம் வில்லையும் இரண்டு ஜெர்மானியமும் போதும். யூரோப்பியம்-152 இரண்டு வழியில் சிதையும்: ஏறத்தாழ 72 சதவீதம் சமாரியம்-152 ஆகிறது, மீதி காடோலினியம்-152. சாதாரண ஸ்பெக்ட்ரத்தில் இரண்டும் கலந்தே கிடக்கும். 1085.9-ம் 1089.7-ம் ஒட்டிப் பிறந்தவை போலப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். இனி 344.3-க்கு கேட் போடுங்கள். அதாவது ஒரு டிடெக்டரில் 344.3 வந்த தருணங்களில் மட்டும் மற்றொன்றில் என்ன வந்தது என்று பாருங்கள். 411.1, 778.9, 1089.7 எழுந்து நிற்கும், 1085.9 காணாமல் போகும். 121.8-க்கு கேட் போட்டால் 244.7, 867.4, 964.1, 1112.1, 1408 வரும். அங்கும் 1085.9 இல்லை! சமாரியத்தின் கோடாயிற்றே, எங்கே போனது? அது 121.8 நிலையைத் தொடாமல் நேரே தரைநிலைக்கு இறங்குகிறது. 444-க்கு கேட் போட்டால் கிடைத்துவிடும். முதன்முதலில் இதைத் திரையில் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. யாரும் கண்ணால் காண முடியாத ஓர் அணுக்கருவின் படிக்கட்டு, எந்தப் படி எந்தப் படிக்கு மேலே என்பது உட்பட, வெறும் எண்ணிக்கைகளிலிருந்து எழுந்து வருகிறது.

இந்த முறையின் பலத்துக்கு எனக்கு மிகப் பிடித்த உதாரணம் 1986-ல் இங்கிலாந்தின் டேர்ஸ்பரி ஆய்வகத்தில் பீட்டர் ட்வின் குழு செய்தது. பல்லேடியம்-108 மேல் கால்சியம்-48-ஐ மோதி டிஸ்ப்ரோசியம்-152-ஐ உருவாக்கினார்கள். கேட் போட்டபோது 19 காமாக்கள், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஏறத்தாழ 47 கேஈவி இடைவெளியில், சீப்புப் பற்களாக வரிசைகட்டி நின்றன. ஒவ்வொன்றும் தனித்தனியே மிகப் பலவீனமானது. தனியாக ஒன்றைக் காட்டியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். பத்தொன்பதும் ஒன்றுக்கொன்று சாட்சியாக நின்றதால்தான், நீளம் அகலத்தைப்போல் இரு மடங்காக இழுபட்டுச் சுழலும் அணுக்கரு என்ற முடிவை உலகம் ஏற்றுக்கொண்டது.

போன முறை ஷிஃப்டில் ஒரு ஜூனியர் உற்சாகமாக ஓடிவந்தார்.

"அண்ணா, இங்க பாருங்க, லிட்டரேச்சர்ல இல்லாத பீக்!"

"எந்த கேட்ல?"

"டோட்டல் ப்ரொஜெக்‌ஷன்லதான். எல்லாத்தையும் கூட்டின ஸ்பெக்ட்ரம். கேட் இன்னும் போடல."

"போட்டுட்டு வாப்பா. பக்கத்துல பேக்கிரவுண்ட்லயும் அதே அகலத்துக்கு ஒரு கேட் போட்டுக் கழிச்சுடு. தலைகீழாவும் பாரு: இந்தப் பீக்குக்கு கேட் போட்டா நம்ம அணுக்கருவோட தெரிஞ்ச பீக்குங்க வருதான்னு."

அந்தத் தலைகீழ்ச் சோதனையை விட்டுவிடாதீர்கள். அ-வுக்குப் போட்ட கேட்டில் ஆ தெரிந்தால், ஆ-வுக்குப் போட்ட கேட்டில் அ தெரிந்தே ஆக வேண்டும். தெரியாவிட்டால் பின்னணிக் கழிப்பில்தான் ஏதோ ஒளிந்திருக்கிறது.

எண்ணிக்கையின் கணக்கும் ஒன்று. பீக்குக்குள் 1000, அதில் பின்னணி 900 என்று வையுங்கள். மிச்சம் 100. பார்வைக்கு ஒரு மேடு தெரியத்தான் செய்யும். ஆனால் பின்னணியையும் அதே அகலத்தில் எண்ணித்தான் கழித்தோம் என்பதால் பிழை 1900-ன் வர்க்கமூலம், ஏறத்தாழ 44. நூறுக்கு நாற்பத்து நான்கு பிழை! இதை லெவல் ஸ்கீமில் (அணுக்கருவின் ஆற்றல் படிகளைக் காட்டும் படத்தில்) தடித்த கோடாக வரைய எனக்கு மனம் ஒப்பாது. அடைப்புக்குறிக்குள் போடலாம், அல்லது அடுத்த பீம் நேரத்துக்கு விட்டுவைக்கலாம்.

அணுக்கரு ஓடிக்கொண்டே காமாவை விடும்போது அதன் ஆற்றல் மாறித் தெரிவதை, அதாவது டாப்ளர் நகர்வை, தொல்லை என்று மட்டும் பார்ப்பவர்கள் உண்டு. மோதலில் உருவான அணுக்கரு ஒளியின் வேகத்தில் 2 சதவீத வேகத்தில் முன்னால் பறந்தால், 1000 கேஈவி காமா 45 டிகிரியில் 1014 ஆகவும் 135 டிகிரியில் 986 ஆகவும் தெரியும். 90 டிகிரியில் நகர்வு இல்லை என்று நினைத்து அங்கே பீக் கூர்மையாக இருக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள், நேர்மாறு. சிறு கோண மாற்றத்துக்கு ஆற்றல் மிக வேகமாக மாறும் இடமே 90 டிகிரிதான். படிகத்தின் முகம் முழுதும் அந்த மாற்றத்தை வாங்கிக்கொள்வதால் பீக் அங்கேதான் அதிகம் பரவும். தகட்டுக்குப் பின்னால் கனமான தங்கமோ ஈயமோ வைத்தால் அணுக்கரு ஒரு பிகோ வினாடி அளவிலேயே நின்றுவிடும். நின்றபின் சிதைந்தால் கூர்மையான பீக், ஓடும்போதே சிதைந்தால் சாய்ந்த பீக், பாதி பாதி என்றால் இரண்டும் கலந்த வடிவம். அந்தச் சாய்வின் வடிவத்திலிருந்து அந்த நிலையின் ஆயுளைக் கணக்கிட முடிகிறது. எந்தக் கடிகாரமும் எட்டாத நேரத்தை, பொருளுக்குள் ஓர் அணு எவ்வளவு விரைவில் நிற்கும் என்பதை வைத்து அளக்கிறோம்.

கடைசியாக, கல்லூரியிலேயே செய்யக்கூடிய ஒன்று. இரண்டு சோடியம் அயோடைடு டிடெக்டர்கள், ஒரு கோபால்ட்-60 வில்லை. ஒன்றில் 1173-ஐயும் மற்றதில் 1332-ஐயும் தேர்ந்தெடுங்கள். முதலாவதன் எண்ணிக்கையை இரண்டாவதன் எண்ணிக்கையால் பெருக்கி, இரண்டும் ஒருசேர வந்த எண்ணிக்கையால் வகுத்தால் வில்லையில் வினாடிக்கு எத்தனை சிதைவு என்பது கிடைத்துவிடும். டிடெக்டரின் திறன் என்ன என்று தெரியவே வேண்டாம், அது மேலும் கீழும் அடிபட்டுப் போகும். 1332-ன் சிதறல் கொஞ்சம் 1173-க்கு அடியில் ஊறியிருக்கும்; அதைக் கழித்துக்கொள்ளுங்கள். தற்செயலாக ஒன்றுசேர்ந்தவற்றையும், ஒரு டிடெக்டரின் சிக்னலைத் தாமதப்படுத்தி எண்ணிப் பார்த்துக் கழியுங்கள். நேரத்தைச் சரிசெய்ய, வில்லையின் எதிரெதிர்ப் பக்கங்களில் டிடெக்டர்களை வைத்து சோடியம்-22-ன் இரட்டை 511-ஐப் பயன்படுத்துங்கள்.

அது முடிந்ததும் இரண்டாவது டிடெக்டரை வில்லையைச் சுற்றி நகர்த்துங்கள். இரண்டு காமாக்களுக்கும் இடையிலான கோணம் எல்லாத் திசையிலும் சமமாக அமைவதில்லை. 90 டிகிரியைவிட 180 டிகிரியில் கோட்பாட்டின்படி ஆறில் ஒரு பங்கு, ஏறத்தாழ 17 சதவீதம், அதிகம். டிடெக்டரின் முகம் அகலமாக இருப்பதால் கையில் கிடைப்பது அதைவிடக் கொஞ்சம் குறையும். ஒவ்வொரு கோணத்திலும் பத்தாயிரம் கோயின்சிடென்ஸ் சேரும்வரை நிறுத்தாதீர்கள், அப்போதுதான் பிழை 1 சதவீதத்துக்கு இறங்கும். ஒரு கோணத்தை ஒரேயடியாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாமல், 90-க்கும் 180-க்கும் மாறி மாறி, சிறு சிறு ஓட்டங்களாக எடுங்கள்; நடுவில் கெயின் நகர்ந்தாலும் இரண்டு கோணத்தையும் ஒரே அளவில்தான் பாதிக்கும்.